சிவப்புப் பொட்டுக்குக் கீழே

“குரல் நன்றாக இருக்கிறது. பின்னால் ஓடும் மாவு மில்லை நிறுத்திவிட்டு மறுபடி வரவும். வியாழன் காலை, ஆன்லைனில் நேரடியாகக் கேட்போம்.”

ஒலிப்புத்தகக் கம்பெனியிலிருந்து வந்த பதில் அவ்வளவுதான். அவள் அதை நின்றுகொண்டு படித்தாள், உட்கார்ந்து படித்தாள், கடைசியில் ஃபோனைக் கொண்டுபோய்க் கணவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“படிங்க. நல்லா வாய்விட்டுப் படிங்க.”

அவன் படித்தான். மாவு மில் வந்த இடத்தில் முகம் சுண்டிப்போயிற்று. “அவங்க ஹெட்போன் சரியில்லையோ என்னவோ.”

“ஹெட்போனா? உங்க செல்லப்பிள்ளை போடற கூச்சல்ங்க அது!”

செல்லப்பிள்ளை என்பது மேஜைக்குக் கீழே நிற்கும் கம்ப்யூட்டர். பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊரார் விபத்துகளைத் தட்டச்சு செய்துவிட்டு வருகிற மனிதனுக்கு ஏதாவது ஒரு பைத்தியம் இருக்கத்தானே செய்யும்? அவனுக்கு இது. உதிரி உதிரியாக வாங்கிச் சேர்த்து, தன் கையாலேயே பூட்டிய பெட்டி. முன்பக்கம் இரண்டு ஃபேன், தலைக்கு மேல் இரண்டு, முதுகில் ஒன்று. ஐந்தும் எந்நேரமும் முழு மூச்சில் சுற்றும். சுவிட்சைப் போட்டால் ஜன்னல் திரை ஆடும். அடுத்த அறையிலிருந்து நாத்தனார், “அண்ணா, ஃப்ளைட் கிளம்பிடுச்சா?” என்று குரல் கொடுப்பாள். அவன் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வான். காற்றோட்டம் முக்கியம், கம்ப்யூட்டருக்குச் சூடுதான் எமன் என்பது அவன் கட்சி.

அவளுக்கும் ஒரு கட்சி உண்டு. தண்ணீர் ஃபில்டர் கம்பெனி ஒன்றின் கால் சென்டரில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்து, “உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஃபில்டரை அவள் செய்யவில்லை, விற்கவில்லை, கெடுக்கவும் இல்லை. வருத்தப்படுவது மட்டும் அவள் பொறுப்பு. கடவுள் கொடுத்த நல்ல குரலை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க மன்னிப்பா கேட்பது? அப்போதுதான் அந்த ஒலிப்புத்தகக் கம்பெனியில் ஒரு முழு நாவலை வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்தது. மாதிரிக்கு ஒரு அத்தியாயம் அனுப்பியிருந்தார்கள். படிக்க ஆரம்பித்தவள் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். அது பொங்கி, வழிந்து, தீய்ந்து, நாத்தனார் வந்து அணைக்கும்வரை அசையவில்லை.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவோடு பேச்சுவார்த்தையே அற்றுப்போன ஒரு தங்கை, கொட்டுகிற மழையில் அவள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். கதவைத் தட்டுகிறாள். உள்ளே விளக்கு எரிகிறது, ஆனால் கதவு உடனே திறக்கவில்லை. அவ்வளவுதான். ஆனால் அந்தத் தங்கை இவள் தொண்டைக்குள் குடிவந்துவிட்டாள். இதை வேறு எவளாவது வாசித்தால் வயிறு எரிந்தே போய்விடும் போல இருந்தது. வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே வாசித்துப் பதிந்து அனுப்பினாள்; அதற்கு வந்ததுதான் இந்த மாவு மில் பதில்.

“ஃபேனையெல்லாம் கழட்டிடுங்க” என்றாள்.

“கழட்டினா வெந்துடும்.”

“அப்ப நான் வாசிக்கற நேரம் மட்டும் நிறுத்தி வையுங்க.”

“அப்பவும் வெந்துடும்.”

“அப்ப என் வயிறு வேகட்டும், பரவாயில்லையா?”

அவன் எழுந்து போனான். கோபித்துக்கொண்டான் என்றுதான் அவள் நினைத்தாள். மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தவன், கையில் ஒரு சின்ன அட்டைப் பெட்டியோடு, பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வாசலில் நின்றான்.

“ஸ்பீட் கன்ட்ரோலர்!”

உள்ளே ஒரு கறுப்புத் தகடு. அதில் வரிசையாக ஐந்து குமிழ்கள். பின்னால் குமிழுக்கு ஒன்றாக ஐந்து ஒயர்கள். அவன் சட்டையைக்கூட மாற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இங்க பாரு. இத்தனை நாளா இதுங்க அஞ்சும் பன்னெண்டு வோல்ட்டை மடக்கு மடக்குன்னு குடிச்சிட்டு ஆட்டம் போட்டுச்சு. இனிமே நான் அளந்து ஊத்தறதைத்தான் குடிக்கணும். குமிழைக் குறைச்சா வேகம் குறையும், வேகம் குறைஞ்சா சத்தம் குறையும்.”

“இதை மொதல்லயே செஞ்சிருக்கக் கூடாதா?”

“மொதல்ல யாரும் மாவு மில்லுன்னு சொல்லலையே.”

“நான் ரெண்டு வருஷமா அதைத்தானே அண்ணா சொல்லிட்டிருக்கேன்” என்றாள், டார்ச் பிடிக்க வந்த நாத்தனார்.

பெட்டியின் முன்பக்க மூடியைக் கழற்றி, தகட்டைச் செருகி, ஒவ்வொரு ஃபேனின் ஒயரையும் இழுத்துக் குமிழோடு இணைத்து முடிப்பதற்குள் திருகாணி ஒன்று கட்டிலுக்கு அடியில் ஓடிப்போய், வீடே மண்டிபோட்டுத் தேடியது. பிறகு சுவிட்சைப் போட்டான். பழைய கூச்சல் கிளம்பியது. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அவன் முதல் குமிழைப் பிடித்து மெதுவாகத் திருப்பினான்.

கூச்சலிலிருந்து ஒரு பங்கு கழன்று விழுந்தது. அவள் கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது குமிழ், மூன்றாவது. ஐந்தாவதைத் திருப்பியபோது வீட்டில் இதுவரை கேட்டிராத சங்கதியெல்லாம் கேட்டது. சுவர்க் கடிகாரம் ஓடியது. சமையலறையில் குழாய் சொட்டியது. மாடியில் யாரோ செருப்பைத் தேய்த்து நடந்தார்கள்.

“அய்யோ! நம்ம வீடாங்க இது?” என்று அவள் கைதட்டிக் குதித்தாள்.

“அண்ணி, உங்க வளையல் சத்தம்கூடக் கேக்குது!”

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. காதுக்குக் கேட்காத சத்தம் மைக்குக்குக் கேட்கும். ஆகவே தினமும் சாயங்காலம் சோதனை நடந்தது. அவன் குமிழை ஒரு நூல் அளவு திருப்புவான், அவள் மைக் முன்னால் அதே அத்தியாயத்தை வாசிப்பாள், அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். “இன்னொரு தடவை” என்பான். மறுபடி மழை, மறுபடி வாசல், மறுபடி கதவு. “முதுகு ஃபேன் கிணுகிணுங்குது, இன்னொரு தடவை.” மறுபடி மழை.

ஐந்தும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப் பிடிவாதம். முதுகில் இருந்தது ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் பல்லைக் கடித்தது. முன்பக்கம் இருந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றினால் ஒன்றோடொன்று சேர்ந்து ‘வூம்... வூம்...’ என்று அலையடித்தன. அவற்றில் ஒன்றைக் கொஞ்சம் குறைத்ததும் அலை நின்றது. அதைக் கண்டுபிடித்த அன்று அவன் சாப்பாட்டையே மறந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம், “ரெண்டையும் பிரிச்சு விட்டேன், சண்டை தீர்ந்துடுச்சு” என்று சொல்லிக்கொண்டு அலைந்தான். பார்க்க இருந்தது இரண்டே பேர். இருவரிடமும் பலமுறை சொன்னான்.

செவ்வாய்க்கிழமை ஐந்து குமிழுக்கும் சரியான இடம் கிடைத்துவிட்டது. அவள் தன் நெயில் பாலிஷை எடுத்து வந்து, குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் தகட்டின் மேல் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தாள்.

“இந்தப் பொட்டுதான் எல்லை” என்றான் அவன். “மேல போனா சத்தம். கீழ போனா சுத்தறதே நின்னுடும். ஓடிட்டு இருக்கறது கொஞ்சமா ஊத்தினாலும் ஓடும். ஆனா நின்னுபோனது அந்தக் கொஞ்சத்துல எழுந்திருக்காது. குமிழை முழுசா திருப்பி ஒரு உதை விட்டாத்தான் கிளம்பும். அதனால கீழ மட்டும் திருப்பிடாத.”

“நான் ஏங்க திருப்பப் போறேன்?” என்றாள்.

வியாழக்கிழமை அவன் லீவு போட்டான். காலையிலேயே சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் துணிகளுக்கு நடுவில் வைத்தான். ஃபிரிட்ஜை அணைத்தான். நாத்தனார் வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, யார் வந்தாலும் பெல்லைத் தொட விடுவதில்லை என்று சபதம் செய்தாள். இவ்வளவுக்கும் காரணம் டைரக்டர் மேடம். இந்தப் புத்தகத்துக்கு யார் என்று முடிவு செய்வது அந்த அம்மாள்தான். ஒரு நிமிஷம் கேட்பாராம், “நன்றி, போதும்” என்பாராம், இணைப்பைத் துண்டித்துவிடுவாராம். இதுவரை வாசித்த அத்தனை பேருக்கும் அந்த ‘போதும்’தான் கிடைத்திருக்கிறது. ஆகவே அவளுக்கு இருந்தது ஒரே வேண்டுதல். மேடம் வாயிலிருந்து ‘போதும்’ வரக்கூடாது.

நேரம் நெருங்கியபோது கணவன், மாடிக்காரர்களிடம் கொஞ்ச நேரம் செருப்பில்லாமல் நடக்கும்படி கெஞ்சப் போயிருந்தான். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் பயந்த மனசுக்கு எந்த அமைதி போதும்? எங்கோ ஒரு மூலையில், நூலிழை மாதிரி, ஏதோ ஓடுவதாகப் பட்டது. மாவு மில். அதே மாவு மில்.

குனிந்தாள். ஒரு குமிழை, ஒரு துளி, பொட்டுக்குக் கீழே திருப்பினாள். நூலிழையில் ஒரு பிரி அறுந்தது. அடடா! அடுத்ததையும் திருப்பினாள். ஐந்தையும் திருப்பி முடித்தபோது ஹெட்போனுக்குள் சுத்தமாக ஒன்றுமில்லை. அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாளா? கட்டிலில் கிடந்த கனத்த போர்வையை இழுத்து, குளிரில் நடுங்கும் குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி, பெட்டியைத் தலையோடு காலாகப் போர்த்திவிட்டாள்.

கணவன் திரும்பி வந்து கதவை மூடினான். அதே நேரம் ஹெட்போனில் கரகரவென்று ஒரு குரல்: “ஆரம்பிக்கலாம்.”

அவள் ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது, இன்று குரல் சொன்னபடி கேட்கிறது. மழை பெய்தது. தங்கை தெருமுனையில் திரும்பினாள். இந்நேரம் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ‘போதும்’ வரவில்லை. தங்கை வீட்டை அடையாளம் கண்டுகொண்டாள். ‘போதும்’ வரவில்லை! பின்னால் நின்ற கணவன் திரையில் ஓடும் நேரத்தைக் காட்டி, வாயை மட்டும் அசைத்து, “இன்னும் கேக்கறாங்க!” என்று கையை ஆட்டி ஆட்டிக் குதித்தான். சத்தமில்லாமல் குதிப்பது எப்படி என்று அன்றைக்கு அவன் கற்றுக்கொண்டான்.

தங்கை படியேறினாள். கதவைத் தட்டினாள்.

அப்போதுதான் அவள் முழங்காலில் வெப்பம் பட்டது. முதலில் பயத்தில் உடம்பு காய்கிறது என்று நினைத்தாள். பிறகு லேசான ஒரு வாசனை. கணவனுக்கும் அது எட்டிவிட்டது. அவன் மூக்கை உறிஞ்சினான், குனிந்தான், போர்வையைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் அவன் முகத்தில் ஓடிய கலவரம் இருக்கிறதே, இன்ஷூரன்ஸ் ஆபீசில் அத்தனை விபத்தைப் பார்த்தவன் முகம் மாதிரியே இல்லை.

மண்டிபோட்டு மேஜைக்கு அடியில் நுழைந்தான். போர்வையை அங்குலம் அங்குலமாக உருவினான். ஐந்து குமிழும் பொட்டுக்குக் கீழே. அவளை அண்ணாந்து பார்த்தான். அவள் வாசித்துக்கொண்டே கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவன் குமிழ்களைப் பொட்டுக்குத் திருப்பினான். ஒன்றும் அசையவில்லை. நின்றதுதான் நின்றுவிட்டதே. இனி முழுசாகத் திருப்பி உதைவிட வேண்டும், விட்டால் மாவு மில். அவன் குமிழில் கை வைத்துக்கொண்டு, “விடட்டுமா?” என்று புருவத்தைத் தூக்கினான். அவள் தங்கையின் அழுகையை வாசித்துக்கொண்டே, கூடாது, கூடாது என்று தலையை ஆட்டினாள். அவன் இரண்டு கையாலும் நெருப்பு எரிவது போலக் காட்டினான். அவள் மேலும் வேகமாகத் தலையாட்டினாள். தங்கையின் குரல் நடுங்கியது, நடிப்பு பாதி, நிஜம் பாதி.

மனிதன் விட்டுவிடவில்லை. பெட்டியின் பக்கவாட்டு மூடியை ஓசைப்படாமல் நகர்த்தினான். மேஜையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து உள்ளே விட்டு, ஃபேனின் இறக்கையை ஒரு தள்ளு தள்ளினான். அது தயங்கிச் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது! சத்தமே இல்லை! அவன் கட்டைவிரலை உயர்த்தினான். இரண்டாவதைத் தள்ளினான், அதுவும் எழுந்தது. மூன்றாவதைத் தள்ளும்போது இறக்கை விரலில் பட்டுவிட்டது. கத்த வந்த கத்தலை வாய்க்குள்ளேயே கடித்து விழுங்கி, விரலை உதறிக்கொண்டே நான்காவதற்குப் போனான். மேலே அவள் வாசித்துக்கொண்டிருந்தாள்:

“உள்ளே ஒரு நாற்காலி நகர்ந்தது. காலடிகள் வந்தன. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றன. மழைக்கு நடுவிலும் அவளுக்கு அந்த மூச்சு கேட்டது, அக்காவின் மூச்சு. தாழ்ப்பாளில் ஒரு கை—”

டப்.

திரை கறுத்தது. மைக்கில் எரிந்த சின்ன விளக்கு அணைந்தது. சூடு எல்லை மீறினால் தானாகவே அணைந்துகொள்ளும் புத்திசாலிக் கம்ப்யூட்டர், அணைந்துகொண்டது. சுற்றத் தொடங்கியிருந்த ஃபேன்களும் மெல்ல மெல்ல நின்றன.

அவள் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தாள். அந்த அறையில் அவ்வளவு அமைதி என்றைக்குமே இருந்ததில்லை. அதற்காகத்தானே இத்தனை நாளும் உயிரை விட்டார்கள்?

“கெடுத்துட்டேங்க” என்றாள். “என் கையாலயே கெடுத்துட்டேன். நீங்க படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க. நான் ஒரு பாவி, போர்வை வேற போத்தி...” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

அவன் மேஜைக்கு அடியில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தான். திட்டியிருக்கலாம், திட்ட உரிமை இருந்தது. “ஆறட்டும், மறுபடி போடலாம். அவங்களைக் கேட்டுப் பாக்கலாம்” என்றான்.

“அவங்களா? ஒரு தடவைக்கு மேல யாரையும் கேக்க மாட்டாங்களாம்!”

ஃபோன் அடித்தது. நாத்தனார்கூட வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். தெரியாத எண். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

“ஏன் நிறுத்தினீங்க?” என்றது கரகரத்த குரல்.

மேடம்! அவள் எழுந்து நின்றுவிட்டாள். “மேடம், மன்னிச்சிடுங்க மேடம், எல்லாம் என் தப்பு. சத்தம் வரக் கூடாதுன்னு ஃபேனை ரொம்பக் குறைச்சிட்டேன், அது நின்னுபோச்சு, கம்ப்யூட்டர் சூடாகி...”

“அதெல்லாம் எனக்கு எதுக்கு? அவ கதவைத் திறந்தாளா இல்லையா?”

“மேடம்?”

“இந்த அத்தியாயத்தை எத்தனையோ தடவை படிச்சுட்டேன். திறப்பான்னு எனக்குத் தெரியும். ஆனா நீங்க சொன்னப்ப திறக்க மாட்டாளோன்னு பயம் வந்துடுச்சு. அந்த இடத்துல கொண்டுபோய் நிறுத்தறீங்களே, நியாயமா? முடிங்க அதை.”

“ஃபோன்லயா?”

“ஃபோன்லதான். இப்பவே.”

அவள் திரையைப் பார்த்தாள். அத்தியாயம் அந்தக் கறுத்த திரைக்குள் அல்லவா கிடக்கிறது? அதற்குள் வாய் தானாகவே திறந்துகொண்டது. குமிழுக்குக் குமிழ், நூலுக்கு நூல், இந்த மனிதன் ‘இன்னொரு தடவை, இன்னொரு தடவை’ என்று வாசிக்கவைத்தது எல்லாம் அங்கேயே இருந்தது, ஒரு சொல் குறையாமல். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒருக்களித்துத் திறந்தது. அக்கா தங்கையைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. இத்தனை வருஷம் எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டி, “முதல்ல தலையைத் துவட்டு” என்றாள்.

அவள் முடித்தாள். நாத்தனார் கதவோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். கணவன் காயம்பட்ட விரலை வாயில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான், கண் கலங்கியிருந்தது. இத்தனை நாளும் அவன் அவள் வார்த்தைகளுக்கு நடுவில் இருந்த இரைச்சலை மட்டுமே கேட்டிருக்கிறான். கதையை இன்றைக்குத்தான் கேட்டான்.

ஃபோனில் மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “திங்கக்கிழமை முதல் அத்தியாயத்தை ஆரம்பிச்சிடுங்க. புத்தகம் உங்களுக்குத்தான்.”

“மேடம்! மேடம், சத்தியமா ஒரு சின்னச் சத்தம்கூட வராம பாத்துக்கறேன்!”

“வேண்டவே வேண்டாம்!” குரல் அலறியது. “அந்த ஃபேனை ஓட விடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். லேசா சத்தம் வந்தா நாங்க இங்க துடைச்சுக்கறோம். பாதியில நின்னா எங்களால என்ன பண்ண முடியும்?”

இணைப்பு போயிற்று. அவள் ஃபோனைக் கட்டிலில் வீசினாள். ஒன்பது வருஷமாக வருந்தி வருந்தி அடங்கிக் கிடந்த குரலை முழுசாகத் திறந்து, ஒரே ஒரு கத்து கத்தினாள். மேஜைக்கு அடியிலிருந்து அவசரமாக எழுந்த கணவனுக்கு மண்டை இடித்தது. அதையும் பொருட்படுத்தாமல் அவனும் கத்தினான்.

“அண்ணி! அண்ணி, மெதுவா! மாடில இருக்கறவங்க என்னமோ ஏதோன்னு ஓடி வரப்போறாங்க!”

“வரட்டும்டி! வந்தா உக்கார வச்சு, முதல்லேர்ந்து சொல்றேன்!”